இதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வும் மூளையும்

நெஞ்சு என்னுஞ் சொல் தமிழில் மார்பையுங் குறிக்கும், மனத்தையுங் குறிக்கும். எண்ணமும் உணர்வும் இதயத்திற் பிறப்பன என்ற கருத்துத் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் அறிவுக்கும் உணர்வுக்கும் இருப்பிடம் இதயமே எனக் கொண்டார். மூளையோ அவர் கருத்தில் உடலின் வெப்பத்தைத் தணிக்கும் உறுப்பாகும். கி. பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த மருத்துவர் கேலன் இதனை மறுத்தார். பன்றியொன்றின் குரல்வளைக்குச் செல்லும் நரம்பை அவர் அறுத்தபோது, அது உயிரோடிருந்தும் கத்தும் ஆற்றலை இழந்தது. குரலை ஏவுவது இதயமன்று, மூளையே என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று. ஆயினும், உடலினின்றும் பிரித்தெடுத்த இதயம் சிறிது நேரம் தானாகவே துடிப்பதையும் கேலன் அறிந்திருந்தார். தானே துடிக்கவல்ல உறுப்புக்கு மூளையின் துணை எதற்கு? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் சென்றன.

1845ஆம் ஆண்டில் யேர்மானிய சகோதரர் இருவர், ஏர்ண்ஸ்ட் வேபர், எடுவாட் வேபர் என்போர், வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டனர். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகசு நரம்பை மின்னாற் றூண்டியபோது, இதயம் விரைவதற்கு மாறாக நின்றுவிட்டது! நரம்பு என்றால் இயக்குவது என்பதே அதுவரை உடற்றொழிலியலார் கொண்டிருந்த எண்ணம். நரம்பொன்று அடக்கவும் வல்லது என்பது அன்றுதான் புலனாயிற்று. எனது கருத்தில், இவ்வரலாற்றில் இதனிலும் பெரிய திருப்பம் வேறில்லை. வண்டியை இழுக்கும் மாடாக மூளையைத் தேடியவர்கள், கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கையாக அதனைக் கண்டனர்.

அக்கை ஓயாது தொழிற்படுவதைக் காட்டியவர் காள் லுட்விக். நாய் ஒன்றின் நாடிக்குழாயோடு இரசம் நிரம்பிய குழாயை இணைத்து, இரசத்தின்மீது மிதக்கும் எழுத்தாணி, சுழலும் உருளையிற் கோடு வரையுமாறு அவர் கருவியொன்றமைத்தார். 1847இல் அவர் வெளியிட்ட பதிவுகளில், மூச்சை உள்வாங்கும்போது துடிப்பு விரைவதும், வெளிவிடும்போது தாழ்வதும் காணப்பட்டன. இதனை அறியக் கருவியும் வேண்டியதில்லை. மாணவர் தம் மணிக்கட்டில் விரல் வைத்து மெல்ல ஆழ்ந்து மூச்சுவிட்டுப் பார்க்கலாம். வயது ஏற ஏற இவ்வேறுபாடு குறைவதால், ஆசிரியரிலும் மாணவரிடத்தே இது தெளிவாகத் தோன்றும்.

இதன் காரணம் நீள்வளைய மையவிழையம் எனப்படும் மூளையின் அடிப்பகுதியில் உளது. மூச்சு உட்செல்லும்போது வேகசு நரம்பின் கடிவாளம் சற்றுத் தளர்கிறது. வெளியேறும்போது மீண்டும் இறுகுகிறது. விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளும் உண்டெனினும், அவற்றின் விளைவு தோன்றச் சில விநாடிகள் செல்லும். வேகசின் விளைவோ அடுத்த துடிப்பிலேயே தெரியும். 1967இல் தென்னாபிரிக்காவில் கிறிஸ்தியான் பர்னாட் மனிதரிடையே முதலாவது இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். அவ்வாறு பொருத்தப்படும் இதயத்தின் நரம்புகள் அறுபட்டிருத்தலின், அது ஓய்விலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை, பெரிதும் மாற்றமின்றித் துடிக்கின்றது. கேலன் கண்ட தனித்த இதயத்தின் இயல்பு இதுவே.

ஆகவே, மணிக்கூடு போல ஒரே சீராகத் துடிப்பது நல்ல இதயம் என்ற பொதுவான எண்ணம் பிழைபட்டது. 1963இல் அமெரிக்க மருத்துவர் ஹொன், லீ என்போர், கருவிலுள்ள குழந்தை இடர்ப்படும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுமுன்னரே துடிப்புகளின் இடைவெளி மாறுபாடு வேறுபடுவதைக் கண்டனர். 1987இல் கிளைகர் முதலியோர் மாரடைப்புக்குட்பட்ட 808 பேரை ஆராய்ந்தனர். இடைவெளிகளின் ஏற்றத்தாழ்வு 50 மில்லிவிநாடிக்குக் குறைந்தோர் இறக்கும் வாய்ப்பு, 100க்கு மேற்பட்டோரிலும் 5 மடங்குக்கு அதிகமாயிருந்தது. எனினும், எல்லா ஒழுங்கின்மையும் நலமென மயங்கலாகாது. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாய் நடுங்கும் நோயிலும் துடிப்பு ஒழுங்கிழக்கும். அது மூளையின் செயலன்று.

2000ஆம் ஆண்டில் தேயர், லேன் என்னும் இருவர் மேலும் ஒரு படி சென்றனர். அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியை மூளையின் முன்பகுதி அடக்கி ஆள்வதும், அதே இணைப்புகள் வேகசு வழியாக இதயத்தை ஆள்வதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அவர்தம் கொள்கை. ஆய்வுகள் பல இதற்கு ஆதரவு தருகின்றன. ஆனால், கைக்கடிகாரம் காட்டும் ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரின் மனவுறுதியை அளந்துவிடலாம் எனச் சிலர் கூறுவது மிகை. வயது, மூச்சின் வேகம், உடலின் நிலை, உட்கொள்ளும் மருந்து யாவும் அவ்வெண்ணை மாற்றுவன.

மேலும், இத்தொடர்பு ஒருவழிப் பாதையுமன்று. இதயமும் மூளையும் ஒன்றையொன்று தாக்குவன எனப் பிரான்சிய அறிஞர் குளோட் பேர்னாட் வற்புறுத்தியதை, 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் டார்வின் எடுத்தாண்டுள்ளார். வேகசு நரம்பின் இழைகளுட் பெரும்பாலானவை மூளையின் ஆணையை இறக்குவனவல்ல. உள்ளுறுப்புகளின் செய்தியை மூளைக்கு ஏற்றுவனவே என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று.