சேர்ந்ததாகக் கருதப்படும் கடிதம்

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில், எளிதில் கண்ணில் படாத ஒரு விதி இருந்தது. பெறுநர் விடுதியொன்றில் தங்கியிருந்தால், அவருக்கு வந்த அஞ்சலை விடுதியின் உரிமையாளரிடமோ மேலாளரிடமோ கொடுத்தாலே அது பெறுநரிடம் சேர்ந்ததாகக் கருதப்படும். பிற முகவரிகளிலும், வழக்கமாகப் பெற்றுக்கொள்பவரிடம் ஒப்படைத்தால் போதும். மேலாளரின் மேசையிலிருந்து உரியவரின் கைவரை உள்ள தொலைவைப் பற்றி அவ்விதி எதுவும் சொல்லவில்லை.

அத்தொலைவு எவ்வளவு நீளக்கூடும் என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்கள் காட்டுகின்றன. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதி அன்று கொச்சி அரசில் இருந்தது. இன்றைய இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. இரண்டு அரசுகளும் ‘அஞ்சல்’ என்ற பெயரில் தத்தம் கடிதப் போக்குவரத்தை நடத்தின. 1951இல் அவை இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தன. ‘அஞ்சல்’ தமிழ்நாட்டின் அலுவல் வழக்கில் நிலைத்தது; மக்கள் நாவில் ‘தபால்’ நின்றது.

இம்மலைகளுக்குக் கங்காணிகள் வழியாக வந்த தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். ஆங்கில ‘லைன்’ என்பதன் திரிபு அது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே அவர்களது முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும்; அங்கிருந்து கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோர் கைகளைக் கடந்து லயத்தை அடையும். எழுத்தறியாதவருக்கு அதைப் படித்துச் சொல்லவும் பெரும்பாலும் அத்தகையோரே இருந்தனர். கூலிக் கணக்கை எழுதியவரும் முன்பணத்தைப் பற்று வைத்தவரும் அவர்களே. ஊரில் நிகழ்ந்த சாவையும் பிறப்பையும் தொழிலாளி அறிவதற்குமுன், அவரைக் கடனில் வைத்திருந்தவர் அறிந்திருக்க முடியும்.

உடலைக் காக்கும் பொருள்களும் அதே மேசையின் வழியே வந்தன. தோட்டத்துரைமார் தம் ஆங்கிலத்திலும் சேர்த்துக்கொண்ட தமிழ்ச் சொல் ‘கம்பளி’. மலைக்குளிருக்கு இன்றியமையாத அதன் விலை, கங்காணி முறையில் முன்பணக் கணக்கில் ஏறியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்நிலையை மாற்ற முனைந்தது. குடை, கம்பளி, மழையங்கி போன்றவற்றை முதலாளி வழங்க வேண்டும் என விதி வகுக்கும் அதிகாரத்தை அதன் 17ஆம் பிரிவு மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. கடனாகத் தரப்பட்ட கம்பளி உரிமையாவதற்கு வழி பிறந்தது. கடிதத்துக்கு அத்தகைய பிரிவு எதுவும் எழுதப்படவில்லை.

இலங்கை மலையகத்திலும் இதே நிலைதான். அங்கு ‘லயன்’ அறைகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் தங்கிப்போவது நெடுங்காலக் குறை. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்து வந்தால், அது சேர்ந்தும் பயனில்லை.

இவ்வரலாறு இன்று முதியோர் இல்லங்களின் வாசலில் மீண்டும் நிற்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. வேலையோடு பிணைந்த லயத்து வீடு, ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு நிலையான உறைவிடம் அன்று. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் 150 பேர் தங்கும் இல்லம் அமைப்பது பற்றியும் அவற்றின் தரம் பற்றியும் பேசுகிறது. ஆனால் அங்கும் ஓய்வூதியக் கடிதம், வங்கி அறிவிப்பு, மகள் அனுப்பிய சோப்பும் தைலமும் முதலில் வந்து சேர்வது அலுவலக மேசைக்கே. பிரித்துப் பார்ப்பதும் பொதுக் கிடங்கில் வைப்பதும் அக்கறையின் பெயரால் நடக்கலாம்.

எனினும் தோட்ட வரலாறு எழுப்பும் கேள்வி மேலாளரின் நல்லெண்ணத்தைப் பற்றியதன்று. கூரையும் உணவும் கடிதமும் ஒரே கையில் குவியும்போது, கேட்டுப் பெறும் துணிவு தங்கியிருப்பவரிடம் எவ்வளவு எஞ்சும் என்பதே அக்கேள்வி. அதற்கான விடை பெரிய செலவு கோருவதன்று: வந்த நாளும் பொருளும் குறித்த ஒரு பதிவேடு, அதில் உரியவரின் கையொப்பம் அல்லது விரல்ரேகை, பிரிக்கப்படாத உறை, படித்துச் சொல்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2024 ஜூனில் புதிய அஞ்சலகச் சட்டம் எடுத்துக்கொண்டது. மேசையிலிருந்து கட்டில்வரை உள்ள சில அடித் தொலைவு மட்டும் இன்னும் ஒவ்வோர் இல்லத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது.