குப்பைக்கோழிச் சண்டையும் அசோகர் சட்டமும்

நாகர்கோவில் பக்கம் விளையில நாலு கோழி வளக்கிற வீடுகள்ல அடிக்கடி நடக்கிற பஞ்சாயத்து ஒண்ணு உண்டு. பொரிச்ச குஞ்சுகள்ல ஏறக்குறைய பாதி சேவலாப் போயிரும். நாலஞ்சு மாசம் ஒழுங்கா மேயும். கொண்டை சிவந்து கூவப் பழகினதும் ஒண்ணையொண்ணு கொத்தும், பெட்டைகளை விரட்டும், சின்னப் பிள்ளைகள் மேலயும் பாயும். எங்க அம்மா தீர்ப்பு எப்பவும் ஒண்ணுதான்: "மக்களே, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மத்ததைக் குழம்பு வச்சிருவோம்." :-)

இந்தத் தலைவலிக்கு முன்னாடி இருந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு பார்த்தா, வரலாறு நல்லாவே நீளுது.

முதல்ல குறுந்தொகை 305-ஆம் பாட்டு. குப்பைமேட்டுல ரெண்டு சேவல் தானாகவே மோதிக்குது. ஏவி விடவும் ஆள் இல்லை, விலக்கி விடவும் ஆள் இல்லை. அதுவா முடிஞ்சாத்தான் உண்டு. தன்னோட காதல் நோயும் அப்படித்தான்னு தலைவி சொல்றா. இந்த உவமையை வச்சே புலவருக்கு குப்பைக்கோழியார்னு பேர் வந்துட்டுது. கொல்லைப்புறத்தை உத்துப் பார்த்த ஆள்தான் இதை எழுதியிருக்க முடியும்.

'ஏவி விட ஆள் இல்லை'ன்னு சொல்லணும்னா, ஏவி விட்டு நடத்துற சண்டையும் அப்பவே இருந்திருக்கணும் இல்லையா? அதுக்குப் பின்னாடி காலத்துச் சாட்சி கல்லுலயே இருக்கு. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலயும் மதுராந்தகம் பக்கம் இந்தளூரிலயும் சண்டையில செத்த சேவலுக்கு நடுகல் கிடைச்சிருக்கு. வட்டெழுத்துல எழுதியிருக்காங்க. ஒண்ணு மேற்சேரிக் கோழி, இன்னொண்ணு கீழ்ச்சேரிக் கோழி. கீழ்ச்சேரிக்காரனுக்குப் பேர்கூட உண்டு, பொற்கொற்றி! போர்ல விழுந்த வீரனுக்கு வைக்கிற மரியாதை. ஆனா அதைக் களத்துல இறக்கி விட்டதும் அதே ஊர்தானே?

முரட்டுச் சேவலை அடக்க இன்னொரு வழி காயடிக்கிறது. காளைக்குச் செய்ற மாதிரி இது சுலபம் இல்லை. சேவலுக்கு விதை வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குப் பக்கத்துல இருக்கு. விலா எலும்புக்கு நடுவுல கீறித்தான் எடுக்கணும். அசோகர் பட்டத்துக்கு வந்து 26 வருஷம் ஆனப்போ (சுமார் கி.மு. 243) பொறிச்ச ஐந்தாம் தூண் சாசனத்துல, சேவலுக்குக் காயடிக்கக் கூடாதுன்னு தனியாவே ஒரு தடை இருக்கு. நாட்டுல அந்த வழக்கம் இல்லாமலா ராஜா இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்?

காயடிச்சா ஏன் சேவல் அடங்குது? 1849-ல ஜெர்மனியில கோட்டிங்கன் நகரத்துல பெர்தோல்டுன்னு ஒரு விஞ்ஞானி ஆறு இளஞ்சேவல்களை வச்சு சோதனை பண்ணினார். விதை எடுத்ததுகளுக்குக் கொண்டை சுருங்கிச்சு, கூவலும் சண்டையும் நின்னுச்சு. விதையை வயித்துக்குள்ள வேற இடத்துல ஒட்ட வச்சப்போ பழைய வீரம் அப்படியே திரும்பிச்சு. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் இப்படின்னா, ஏதோ ரத்தம் வழியாப் போகுதுன்னு அர்த்தம். ஹார்மோன்ங்கிற வார்த்தையே பொறக்காத காலம் அது. ஆக, இளஞ்சேவலோட கோபம் அதோட குணக்கேடு இல்லை, வயசுக் கோளாறு.

1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம், விலங்குகளை ஒண்ணோடொண்ணு மோத ஏவி விடுறதைக் குற்றம்னு சொல்லுது. சேவல் தானாப் போடுற சண்டைக்கு எந்தச் சட்டமும் கிடையாது. குப்பைக்கோழியார் பார்த்த அதே கோடுதான். தானா வர்ற சண்டை வேற, மூட்டி விடுற சண்டை வேற.

அதனால மூட்டி விடாம இருக்கிறது நம்ம பொறுப்பு. இடம் நெருக்கடியா இருந்தா, தீவனம் ஒரே சட்டியில வச்சா, பெட்டை குறைவா சேவல் நிறைய இருந்தா, ஏவி விடாமலே நாமதான் சண்டையை வளர்க்கிறோம். ரெண்டு மூணு இடத்துல தீனி வைங்க, தோத்தது ஓடி ஒளிய நாலு செடி மறைவு விடுங்க, குஞ்சு எடுக்கச் சாதுவான சேவலையே நிறுத்துங்க. அதுக்கும் மிஞ்சினா அம்மா தீர்ப்புதான்.

உங்க ஊர்ல முரட்டுச் சேவலை என்ன செய்வாங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.