மார்ஜரினுக்குள் விற்றமின் வந்த கதை

கடையில் ஒரு பைக்கற்றை எடுக்கிறோம். முன்பக்கம் "விற்றமின் சேர்க்கப்பட்டது" என்று இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்று கூடைக்குள் போடுகிறோம். பின்பக்கம் 'ஈ' இலக்கங்கள் இருந்தால் நஞ்சு என்று திருப்பி வைக்கிறோம். எங்கட ஆட்கள் அநேகம் பேர் இப்படித்தான். இந்த இரண்டும் ஏன் சாப்பாட்டுக்குள் வந்தன என்பதற்கு, நான் வாழும் டென்மார்க்கின் வரலாற்றிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது.

முதலாம் உலகப்போர்க் காலம். டென்மார்க் போரில் சேரவில்லை. பாலுக்கும் பட்டருக்கும் பெயர்போன நாடு. ஆனால் பட்டர் நல்ல விலைக்கு வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழைக் குடும்பங்கள் மார்ஜரினோடும் ஆடை எடுத்த பாலோடும் சமாளித்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, சிலருக்குப் பார்வையே போனது. கொப்பனேகனில் குழந்தை வைத்தியராக இருந்த கார்ல் எட்வார்ட் புளொக் இதைக் கவனித்தார். முழுப்பாலும் மீனெண்ணெயும் கொடுக்கப் பிள்ளைகள் தேறினார்கள். பாற்கொழுப்பில் இருந்த, பின்னர் விற்றமின் ஏ என்று பெயர் பெற்ற பொருள் அந்த மார்ஜரினில் இல்லை.

1917இல் ஜேர்மனிய நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்க, மார்ஜரினுக்கான மூலப்பொருள் வருவது நின்றது. அரசாங்கம் டிசம்பரில் பட்டரைப் பங்கீட்டுக்குக் கொண்டுவந்தது. ஆளுக்குக் கிழமைக்கு 250 கிராம், ஏழையும் வாங்கக்கூடிய விலையில். 1918இல் அந்தக் கண்நோய் மறைந்தது. பங்கீடு முடிந்து மார்ஜரின் திரும்ப வந்தபோது நோயும் கூடவே வந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பிறகுதான் மார்ஜரினில் விற்றமின் ஏ சேர்க்கும் வழக்கம் வந்தது. 1961இல் விற்றமின் டி-யும் கட்டாயமானது. அதாவது, பட்டரில் இருந்து மார்ஜரினில் இல்லாமல் போனதைத் திருப்பி வைத்தார்கள். இது நியாயமான காரணம்.

இன்னொரு காரணம் வியாபாரம். தொழிற்சாலையில் செய்யும் விற்றமின் மலிவு. ஒரு சிட்டிகை போட்டால் சீனி நிறைந்த சாமானும் 'சத்துணவு' ஆகிவிடும். 2004இல் கெலொக்ஸ் நிறுவனம் தன் காலை உணவுகளில் இரும்பு, கல்சியம், போலிக் அமிலம் முதலியவற்றைச் சேர்க்க அனுமதி கேட்டபோது டென்மார்க் மறுத்தது. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு மிஞ்சலாம் என்பதே சொன்ன காரணம்.

இனி 'ஈ' இலக்கங்கள். எங்கட ஆச்சிமார் ஒடியலையும் வத்தலையும் வெயிலில் காயவைத்தது தண்ணீரை எடுக்கத்தான். தண்ணீர் இல்லாத இடத்தில் பூஞ்சணம் வளராது. அதனால் மொறுமொறு சிப்ஸுக்குப் பூஞ்சணம் பெரிய பிரச்சினை இல்லை. எண்ணெய் காறிப்போவதுதான் பிரச்சினை. அதற்குப் பைக்கற்றுக்குள் நைதரசன் அடைக்கிறார்கள், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளும் சேர்ப்பதுண்டு. ஈரமான கேக்குக்கும் பாணுக்கும்தான் சோர்பிக் அமிலம், கல்சியம் புரொப்பியோனேற் போன்றவை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஈ300 என்பது விற்றமின் சி; ஈ306 முதல் ஈ309 வரை விற்றமின் ஈ வகைகள். நாங்கள் பயப்படும் இலக்கமும் நாங்கள் தேடும் விற்றமினும் சிலவேளை ஒரே பொருள்தான்!

கடைசியாக ஒன்று. மார்ஜரினில் விற்றமின் டி கட்டாயம் என்ற விதியை 1985இல் நீக்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் எங்கட சனம் இங்கே அகதியாய் வந்து இறங்கத் தொடங்கியது. கறுத்த தோல் விற்றமின் டி-யை மெதுவாகத்தான் உண்டாக்கும். வெயிலுக்கு ஒளிந்து வளர்ந்த நாங்கள் வெயிலே இல்லாத மாரிக்குள் வந்தோம். கருமையான தோல் உள்ளவர்கள் விற்றமின் டி குளிசை எடுக்க வேண்டும் என்று டெனிஷ் சுகாதாரசபை சொல்கிறது. எங்களில் எத்தனை பேர் எடுக்கிறோம்?

சிப்ஸ் பைக்கற்றில் விற்றமின் தேடுவதை விடுங்கள். அடுத்தமுறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது இரத்தத்தில் விற்றமின் டி எவ்வளவு என்று கேளுங்கள். அம்மாமாருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.