மனிலா கொடுத்த விலை

வாக்குக் கொடுப்பவர் ஒருவராகவும் அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவராகவும் இருப்பது வரலாற்றில் புதியதன்று. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் தீவுகள் யப்பானியர் பிடியிலிருந்து மீட்கப்பட்ட கதை இதற்குத் தக்கதொரு சான்று.

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு பிலிப்பைன்ஸ். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பானியர் அதனை ஆண்டனர். 1898ஆம் ஆண்டில் அது அமெரிக்கர் கைக்கு மாறியது. பத்தாண்டுகளின் பின் முழுச் சுதந்திரம் என்ற உறுதிமொழியுடன் 1935இல் அங்கு உள்நாட்டாட்சி தொடங்கியது. மனுவெல் கேசோன் ஜனாதிபதியானார். குறித்த பத்தாண்டு நிறைவதற்குள் போர் வந்து சேர்ந்தது.

பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட சில மணி நேரத்திற்குள், 1941 டிசெம்பர் 8ஆந் திகதி, யப்பானிய விமானங்கள் பிலிப்பைன்ஸ் மீதும் குண்டு பொழிந்தன. இரு வாரங்களின் பின் லிங்காயென் குடாவிலே யப்பானியரின் பெரும்படை கரையிறங்கியது. அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மக்ஆர்தர், தலைநகராகிய மனிலா அழியாதிருக்கும் பொருட்டு அதனைக் காவலற்ற திறந்த நகராக அறிவித்து, தம் படைகளைப் பத்தான் குடாநாட்டுக்குப் பின்வாங்கச் செய்தார். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி பத்தான் வீழ்ந்தது. சிறைப்பட்ட பிலிப்பினோ வீரரும் அமெரிக்க வீரரும் உணவும் நீருமின்றி, கொளுத்தும் வெயிலில், ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரம் நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலே மாண்டோர் ஆயிரக்கணக்கானோர்.

இதற்கு முன்னரே, மார்ச்சு மாதத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கட்டளைப்படி மக்ஆர்தர் அவுஸ்திரேலியாவுக்குத் தப்பிச் சென்றிருந்தார். மீண்டும் வருவேன் என்று அங்கிருந்து அவர் வாக்களித்தார். அந்த வாக்கு மறைவிடங்களிலிருந்த வானொலிப் பெட்டிகள் வழியாகத் தீவுகளெங்கும் பரவியது.

வாக்கை நம்பி மக்கள் வாளாவிருந்தனரல்லர். காடுகளிலும் மலைகளிலும் கெரில்லாப் படைகள் தோன்றின. மத்திய லூசோனின் ஏழை உழவர் 1942 மார்ச்சிலேயே 'ஹுக்பலஹாப்' என்னும் படையை அமைத்தனர். யப்பானியர் 1943இல் ஹோசே லோரெல் தலைமையில் ஒரு குடியரசை நிறுவினர். எனினும், அரிசிப் பஞ்சமும் மதிப்பிழந்த பணத்தாள்களும் இராணுவப் பொலிசாரின் கொடுமையும், அந்தச் சுதந்திரம் எத்தகையது என்பதை மக்களுக்கு நன்கு உணர்த்தின.

1944 யூலையில் ரூஸ்வெல்ட், மக்ஆர்தர், கடற்படைத் தளபதி நிமிற்ஸ் ஆகியோர் ஹவாயில் கூடினர். பிலிப்பைன்ஸின் பெருந்தீவாகிய லூசோனை விடுத்து ஃபோர்மோசாவைத் தாக்கலாம் என்னும் யோசனையும் அப்போது இருந்தது. மக்ஆர்தர் அதனை எதிர்த்தார். கொடுத்த வாக்கைக் காப்பது அமெரிக்காவின் கடமை என்று அவர் வாதிட்டார். முடிவில் அவர் கருத்தே வென்றது.

அவ்வாண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி லெய்ட்டே தீவின் கரையில், முழங்காலளவு நீரில் நடந்து மக்ஆர்தர் இறங்கினார். அருகே புதிய ஜனாதிபதி செர்ஜியோ ஒஸ்மேனியா சென்றார். சுதந்திரம் காணத் தவித்த கேசோன் ஓகஸ்ட் முதலாந் திகதியே அந்நிய மண்ணில் காசநோயால் உயிர் நீத்திருந்தார். தொடர்ந்து நிகழ்ந்த லெய்ட்டே குடாக் கடற்போரில் யப்பானியர் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களையும் மூன்று பெரும் போர்க்கப்பல்களையும் இழந்தனர். தம் விமானத்தோடு எதிரியின் கப்பல் மீது மோதி மாயும் 'கமிகாசே' படை உருப்பெற்றதும் அப்போரிலேதான்.

1945 சனவரி 9ஆந் திகதி, மூன்றாண்டுகளுக்கு முன் யப்பானியர் இறங்கிய அதே லிங்காயென் குடாவில் அமெரிக்கர் இறங்கினர். சனவரி 30ஆந் திகதி கபனத்துவான் முகாமிலிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் மீட்கப்பட்டனர். அமெரிக்க வீரர் முகாமைத் தாக்கியபோது, இருபுறத்துப் பாதைகளையும் மறித்து நின்று எதிரியைத் தடுத்தவர்கள் பிலிப்பினோ கெரில்லாக்களே. பெப்ரவரி 3ஆந் திகதி இரவு, மனிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் அடைபட்டிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்நிய நாட்டுக் குடிமக்களுக்கு விடுதலை கிட்டியது. மூன்று நாள் கழித்து, மனிலா வீழ்ந்துவிட்டது என்று மக்ஆர்தரின் தலைமையகம் உலகுக்கு அறிவித்தது.

ஆனால் மனிலாவின் துயரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சிங்கப்பூரை வென்ற யமஷித்தாவே பிலிப்பைன்ஸில் யப்பானியத் தரைப்படைக்குத் தலைவர். நகரைக் காக்க வேண்டியதில்லை எனக் கருதி அவர் மலைநாட்டுக்குச் சென்றுவிட்டார். கடற்படைத் தளபதி இவபுச்சியோ நகரை விட்டகலவில்லை. அவருடைய படையினர் பாலங்களைத் தகர்த்தனர். வீடுகளுக்குத் தீ வைத்தனர். தேவாலயங்களிலும் வைத்தியசாலைகளிலும் அடைக்கலம் புகுந்த பெண்டிர், குழந்தைகள், நோயாளிகளைக் கொன்று குவித்தனர். நகர் மீது விமானத்தால் குண்டு வீசுவதை மக்ஆர்தர் தடுத்திருந்தார். ஆயினும் அமெரிக்கப் பீரங்கிகளின் குண்டுகளுக்குப் பகைவர் இன்னார், மக்கள் இன்னார் எனப் பகுத்தறியத் தெரியவில்லை. ஸ்பானியர் கட்டிய இன்ட்ராமுரோஸ் என்னும் கோட்டை நகரில் சான் அகுஸ்தின் தேவாலயம் ஒன்றைத் தவிர ஏனைய தேவாலயங்களெல்லாம் பாழாயின.

மார்ச்சு 3ஆந் திகதி போர் ஓய்ந்தது. அந்த ஒரு மாதத்தில் அமெரிக்கர் ஏறத்தாழ ஆயிரவர் மாண்டனர். யப்பானியர் பதினாறாயிரவர் அளவில் மாண்டனர். படைக்கலம் ஏந்தாத மனிலா மக்களோ ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டனர். எந்நகரைக் காப்பதற்காக 1941இல் படை விலகியதோ, அந்நகரே மீட்புப் போரில் அழிந்தது.

யமஷித்தா மலைகளில் போரை நீடித்து, செப்டெம்பர் 3ஆந் திகதி பகியோ நகரில் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். 1946 யூலை 4ஆந் திகதி பிலிப்பைன்ஸ் சுதந்திரம் பெற்றது. மீண்டும் வருவதாகச் சொன்ன வாக்கும், சுதந்திரம் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்பட்டன. மூன்றாவதொரு வாக்கு மாத்திரம் காற்றிற் போயிற்று. ரூஸ்வெல்ட் 1941இல் பிலிப்பினோப் படையை அமெரிக்க சேவைக்கு அழைத்திருந்தார். அப்படையினரிற் பெரும்பாலோருக்கு, அமெரிக்க வீரருக்குரிய உதவிகளைப் பெறும் உரிமை இல்லையென 1946 பெப்ரவரியில் அமெரிக்கச் சட்டமொன்று கூறியது. அவர்களுள் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவருக்குப் பதினையாயிரம் டொலரும், ஏனையோருக்கு ஒன்பதினாயிரம் டொலரும் ஒரே தடவையாக வழங்கத் தீர்மானித்தது 2009ஆம் ஆண்டிலேயே. அதற்குள் அவர்களிற் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

லெய்ட்டே கடற்கரையில் இன்று நீரில் நடந்து வரும் கோலத்தில் மக்ஆர்தருக்கும் அவருடன் வந்தவருக்கும் ஆளுயரத்தை விஞ்சிய சிலைகள் நிற்கின்றன. மனிலாவின் இன்ட்ராமுரோஸில் 1995இல் எழுப்பப்பட்ட மற்றொரு நினைவுச்சின்னம் உண்டு. உயிரற்ற குழந்தையை மடியிற் கிடத்தி, தலை கவிழ்ந்திருக்கும் பெண்ணொருத்தியின் உருவம் அது. கல்லறையின்றி மாண்ட பெயரற்றோருக்காக எழுப்பப்பட்டது. மீட்சியின் வரலாற்றைக் கற்போர் அந்தக் கடற்கரையில் மாத்திரம் நின்றுவிடாது, இந்தத் தாயின் முன்னும் சற்று நேரம் நிற்றல் வேண்டும்.