மீகாங் ஆற்றில் ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி

சி.வி. நரசிம்மன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய கச்சேரிதான். அதற்கு முன்னின்றவர் அவர். அப்போது பொதுச் செயலர் ஊ தாண்டின் வலக்கையாக நியூயார்க்கில் இருந்தார். அந்தக் கச்சேரியை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கச்சேரிக்குப் பத்தாண்டு முன் பாங்காக்கில் அவர் செய்த வேலைதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆசியா, தூரக்கிழக்கு நாடுகளுக்கான பொருளாதார ஆணையத்தை ஐ.நா. 1947இல் தொடங்கியது. சுருக்கமாக எகாஃபே. முதல் நிர்வாகச் செயலர் பொருளியல் பேராசிரியர் பி.எஸ். லோகநாதன். 1956இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் நரசிம்மன். சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணி தொடங்கி, டெல்லியில் நிதி அமைச்சகம் வரை போனவர். ஆசியாவின் வளர்ச்சிக்கான அந்த அலுவலகத்தை முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தியவர்கள் இரண்டு தமிழர்கள். இதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

நரசிம்மன் பொறுப்பேற்ற மறு ஆண்டே, மீகாங் ஆறு ஓடும் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, தெற்கு வியட்நாம் ஆகிய நான்கும் சேர்ந்து எகாஃபே ஆதரவில் மீகாங் குழுவை அமைத்தன. மேலே இருக்கும் சீனாவும் பர்மாவும் அதில் இல்லை. அதனால்தான் அதைக் கீழ் மீகாங் என்றே சொன்னார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளராக இருந்த ஜெனரல் ரேமண்ட் வீலர் தலைமையில் ஒரு நிபுணர் குழு ஆற்றைப் பார்வையிட்டு, 1958இல் அறிக்கை கொடுத்தது. ‘அணை கட்டுங்கள்’ என்று அது தொடங்கவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற கணக்கே சரியாக இல்லாத ஆறு அது. ஆகவே முதல் ஐந்து ஆண்டுகள் நீர்மட்டமும் வரத்தும் மழையும் அளக்க வேண்டும், நில மட்டம் எடுக்க வேண்டும், வானிலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்றது. செலவு சுமார் 90 லட்சம் டாலர். படம் பிடிக்கக் கனடாவும், கிளை ஆறுகளைப் பார்க்க ஜப்பானும், அணைக்கட்டு இடங்களின் பாறையை ஆராய ஆஸ்திரேலியாவும் வந்தன. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரிக்கான தடுப்பணை ஆய்வை இந்தியா எடுத்துக்கொண்டது.

ஆற்று நீருக்காகச் சண்டை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1961இல் கம்போடியா தாய்லாந்துடன் தூதரக உறவை முறித்தது. இரண்டு ஆண்டு கழித்துத் தெற்கு வியட்நாமுடனும் முறித்தது. ஆனாலும் மீகாங் குழுவின் மேசையில் நான்கு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்தார்கள். பங்கு பேசுவதற்கு முன்பே பொதுக் கணக்கு வைத்துக்கொண்டதால்தான் அது முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறை அணைகளை அளவுக்கு மீறி நம்பியது. மீனவர்களும், நிலம் மூழ்கப்போகும் விவசாயிகளும் அந்த மேசையில் இல்லை. பா மோங் பேரணை வரைபடத்தோடு நின்றது. லாவோஸின் நாம் ஙூம் அணை 1971இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அங்கே போர் நடந்த காலத்திலும் தாய்லாந்து அந்த மின்சாரத்தை விலைக்கு வாங்கியது.

நரசிம்மன் 1959இல் நியூயார்க் போய்விட்டார். பின்னாளில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணை நிர்வாகிப் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவர் விட்டுப்போன குழுவின் வழியில் 1995இல் மீகாங் ஆற்று ஆணையம் உருவாகி, இன்றும் நீர்மட்டத்தை அன்றாடம் வெளியிடுகிறது.

நம் காவிரியின் வரத்தைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. பாலாற்றிலும் தென்பெண்ணையிலும், இரு தரப்பும் ஏற்கிற அப்படிப்பட்ட கணக்கு ஒவ்வொரு எல்லையிலும் வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் பொறியாளர்களே, பங்கு கேட்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.