ஒரே கேபிளில் இரண்டு ஹார்டு டிஸ்க்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரே மடைத் தண்ணீரைப் பல வயல்களுக்கு முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டுவதும் இதே முறைக் கதைதான்.

1986-இல் காம்பாக் கம்ப்யூட்டர்களில் ஐடிஇ டிஸ்க் வந்தது. வடிவமைத்தது வெஸ்டர்ன் டிஜிட்டல். ஒரு பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று பின்பக்கமுள்ள ஜம்பரை மாற்றிக் குத்திச் சொல்ல வேண்டும். இரண்டையும் மாஸ்டர் ஆக்கினால், நன்றாக ஓடிய பழைய டிஸ்க்கும் சேர்ந்து காணாமல் போகும். வயிறு கலங்கும் இடம் இதுதான்! வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் இன்னொரு சிக்கல்: தனியாக இருந்தால் ஒரு ஜம்பர் நிலை, துணை வந்தால் வேறு. புதியதை மட்டும் ஸ்லேவ் ஆக்கினால் போதாது, பழையதையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

(எஜமான், அடிமை என்று பொருள்படும் இந்தப் பெயர்கள் வேண்டாம் என்று 2003-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம் தனக்குப் பொருள் விற்பவர்களைக் கேட்டுக்கொண்டது. கேட்டது நியாயம்தான்.)

ஜம்பர் தவறு டேட்டாவைத் தொடாது. 137 ஜிபி எல்லை அப்படியல்ல. பழைய முறையில் செக்டார் எண்ணுக்கு 28 பிட்தான், செக்டாருக்கு 512 பைட். கணக்குப் போட்டால் 137 ஜிபி. 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1 போடாத எக்ஸ்பியில் 160 ஜிபி டிஸ்க்கை முழுதாகப் பயன்படுத்தினால், எல்லை தாண்டி எழுதுவது டிஸ்க்கின் தொடக்கத்தில் விழுந்து, இருந்ததை அழிக்கும் அபாயம் இருந்தது.

2003-இல் சாட்டா டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. டிஸ்க்குக்கு ஒரு கேபிள். முறை வைக்கும் வேலை போயிற்று. அதற்குப் பிறகும் புது டிஸ்க் பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அது பழுதல்ல. டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பார்ட்டிஷன் பிரித்து ஃபார்மட் செய்திருக்க மாட்டார்கள்.