கோட்டையை விட்டு இறங்கியவர்

1941-ல் விருதுநகர் நகராட்சிக்குத் தலைவராகக் காமராஜரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் வேலூர்ச் சிறையில் இருந்தார். விடுதலையாகி ஊர் திரும்பியவர், முழுமையாகக் கவனிக்க முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று அதை ராஜினாமா செய்தார்.

1954-ல் முதலமைச்சரானபோதும் அந்தக் குணம் மாறவில்லை. அமைச்சரவை எட்டுப் பேருக்குள் அடங்கியது. விருதுநகரில் தாயார் சிவகாமி அம்மாள் இருந்த வீட்டுக்கு நகராட்சி தனிக் குழாய் இணைப்பு கொடுத்ததையும், அது தெரிந்ததும் உடனே துண்டிக்கச் சொல்லி மகன் உத்தரவிட்டதையும் ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு இல்லாத வசதி முதலமைச்சரின் தாய்க்கு மட்டும் எதற்கு என்பதே அவர் எண்ணம்.

தலைவர் அப்படி இருந்தார். கட்சி அப்படி இல்லை. கதர் கட்டிச் சிறைக்குப் போன தலைமுறை கோட்டைக்கும் டெல்லிக்கும் போய்விட்டது. காங்கிரஸ் ஆபீஸில் மிஞ்சியது பர்மிட்டும் சிபாரிசுக் கடிதமும்தான். 1962-ல் தி.மு.க. 50 தொகுதிகளைப் பிடித்தது. 1963-ல் வடக்கே அம்ரோகா, பரூக்காபாத், ராஜ்கோட் மூன்று இடைத்தேர்தல்களிலும் காங்கிரஸ் தோற்றது. எதிர்க்கட்சித் தலைவர்களான கிருபளானியும் லோகியாவும் மசானியும் மக்களவைக்குள் நுழைந்தார்கள்.

நோய் எங்கே என்று காமராஜருக்குப் புரிந்தது. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார். நேருவே விலக முன்வந்தார்; கட்சி ஒப்பவில்லை. ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் விலகினார்கள். ஒன்பது ஆண்டு ஆண்ட காமராஜர் 1963 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தியன்று கோட்டையை விட்டு இறங்கினார். இந்திய அரசியலில் இதற்கு நிகரான துறவு அபூர்வம்.

ஆனால் இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? சில மாதங்களிலேயே, 1964 ஜனவரியில், நேருவின் உடல்நலம் குன்றியதும் லால்பகதூர் சாஸ்திரி அமைச்சரவைக்குத் திரும்பினார். எஸ்.கே. பாட்டீல் அதே ஆண்டிலும் ஜகஜீவன்ராம் 1966-லும் மீண்டும் மந்திரியானார்கள். விலகியவர்களில் ஒருவரான மொரார்ஜி தேசாயை ஒதுக்கத்தான் இந்தப் பதவி விலகல் திட்டம் என்ற பேச்சும் கிளம்பியது. காமராஜரும் ஊருக்கு வரவில்லை. காங்கிரசின் அகில இந்தியத் தலைவராகி, அடுத்தடுத்து இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் டெல்லியிலேயே இருந்துவிட்டார். அவர் கை சுத்தம். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதிகாரம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஊரோடு இருந்த அன்றாடப் பேச்சைத்தான்.

அந்த இடைவெளியில் தமிழ்நாடு கொதித்தது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் மீது, காமராஜருக்குப் பின் முதலமைச்சரான பக்தவத்சலம் அரசின் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. அரிசித் தட்டுப்பாடு அடுப்படி வரை வந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. காங்கிரஸ்காரர்களிடம் அதற்குப் பதில் இல்லை. வாசல் வாசலாகப் போய்ச் சமாதானம் சொல்லத் தொண்டர்களும் இல்லை.

1967-ல் தன் பழைய தொகுதியான சாத்தூரை விட்டுச் சொந்த ஊரான விருதுநகரிலேயே நின்றார் காமராஜர். எதிரே நின்றவர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வளர்ந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். 1285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். தனிக் குழாயை மறுத்தவருக்கு அந்தத் தெருக்குழாய் ஊரே கொடுத்த தீர்ப்பு அது. அவர் நேர்மைமீது யாரும் கோபப்படவில்லை. அவர் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள்மீது கோபப்பட்டார்கள். 1962-ல் 139 தொகுதிகளை வென்ற காங்கிரசுக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தவை 51. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் காங்கிரஸ் முதலமைச்சர் ஒருவர்கூட வரவில்லை.